காசு அதேதான், மேசைதான் ஊர் மாறுகிறது

கேள்வி இது: “மூன்று ஆண்டுகளாகப் பழைய நாணயங்கள் சேகரிக்கிறேன். ஊர் ஈரோடு. மாதம் தவறாமல் எங்காவது ஒரு நாணயக் கண்காட்சி நடக்கிறது. சில மாதங்களில் இரண்டு, மூன்று. கோவை, சேலம், மதுரை, சென்னை, பெங்களூரு என்று ஓடினால், காசு வாங்க வைத்திருக்கும் பணத்தைப் பஸ் செலவும் விடுதிச் செலவுமே தின்றுவிடுகின்றன. போகாவிட்டாலோ எதையோ தவறவிட்டோம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. உண்மையிலேயே கண்காட்சிகள் அளவுக்கு மீறிவிட்டனவா? எல்லாவற்றுக்கும் போகத்தான் வேண்டுமா?”

ஆம், அளவுக்கு மீறிவிட்டன. ஆனால் எது மீறியது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேசை போட்டு விற்கும் கண்காட்சிகள்தான் பெருகியிருக்கின்றன. நம்மிடம் இரண்டாக இருப்பதைக் கொடுத்து, இல்லாததை இன்னொரு சேகரிப்பாளரிடம் வாங்கிக்கொள்ளும் மாற்றுக் கூட்டங்கள் அதே வேகத்தில் தேய்ந்து வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செப்புக்காசுகளோடு வாழ்கிறவன் என்ற முறையில், இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் நடந்த ஒரு கண்காட்சியில், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட நான்கு காசு மதிப்புள்ள செப்பு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒருபுறம் முடி சூட்டிய அரசனின் பெயரெழுத்து, மறுபுறம் மதிப்பும் ஆண்டும். விளிம்பில், கடிகார முள் நான்கைக் காட்டும் இடத்தில், உளி பட்டது போல ஒரு சிறு வெட்டு. எண்ணூறு ரூபாய் சொன்னார்கள். அன்று கையில் பணம் இல்லை, விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்துக் கோவையில் வேறொரு வியாபாரியின் தட்டில் அதே காசு, அதே வெட்டு. விலை ஆயிரத்து இருநூறு. அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னையில் மூன்றாவது ஒருவரிடம் பார்த்தேன். இப்போது அட்டை ஹோல்டருக்குள் இருந்தது, விலை இரண்டாயிரத்தை எட்டியிருந்தது. அதைவிட வருத்தம், யாரோ புளி போட்டுத் தேய்த்து அதைப் பளபளப்பாக்கியிருந்தார்கள். திருச்சியில் பார்த்தபோது இருந்த அந்தக் கரும்பழுப்பு நிறம் போயே போய்விட்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒரு காசிலேயே இருக்கிறது. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்தது 1620இல். பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனது 1845இல். அதற்குப் பிறகு ஒரு தரங்கம்பாடிக் காசுகூடப் புதிதாக அடிக்கப்படவில்லை. சோழர் காசும் நாயக்கர் காசும் அப்படித்தான். கண்காட்சிகள் இரட்டிப்பானால் மேசைகள் இரட்டிப்பாகும், காசுகள் இரட்டிப்பாகா. மேசையை நிரப்ப வியாபாரிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்குகிறதென்றால், வியாழன் இரவே விடுதி அறைகளில் நல்ல காசுகள் கை மாறிவிடும். கை மாறும்போதெல்லாம் விலை ஒரு படி ஏறும். மறுநாள் காலை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற நாம், அந்த ஏற்றத்தையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பழங்காசின் வரத்து உண்மையிலேயே கூடுவது அபூர்வம். அப்படிக் கூடிய ஒரு கதை நம் ஊரோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808இல் இங்கிலாந்தில் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே, குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. சென்னைக்கு வர வேண்டிய செப்பு ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்தது. 1980களில் மூழ்காளிகள் அதை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1808ஆம் ஆண்டுக் காசுகள், கடல் உப்பு தின்ற முகத்தோடு, உலகமெங்கும் சாதாரண விலைக்குக் கிடைக்கத் தொடங்கின. இப்படி ஒரு கப்பல் எழுந்து வந்தால்தான் மேசைக்குப் புதுச் சரக்கு வரும். மற்ற நாட்களில் சுற்றிக்கொண்டிருப்பது இருக்கிற காசுதான்.

இதில் வியாபாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேசை வாடகை, ரயில் கட்டணம், இரண்டு இரவுத் தங்கல், உதவியாளுக்குச் சம்பளம் எல்லாம் மூன்றே நாளில் திரும்பி வர வேண்டும். சங்ககாலச் சேரர் காசு வாங்க ஒரு நாளைக்கு ஒருவர் வருவார், சில நாள் அவரும் வரமாட்டார். ஆகவே உடனே விற்கிற பொருள் மேசைக்கு வந்துவிடுகிறது. 786 என்று முடியும் ரூபாய் நோட்டு, பிறந்த தேதி நோட்டு, கிலோ கணக்கில் வெளிநாட்டுச் சில்லறை, பூஜைக்கென்று பித்தளைக் காசு. மாதத்துக்கு மூன்று கண்காட்சி என்றால் இந்தச் சரக்குதான் வாடகையைக் கட்டும். பத்தாண்டுகளுக்கு முன் அரங்கின் ஓரத்தில் இருந்தவை இன்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஒருபுறம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபுறம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று போட்ட கனமான செப்பு வில்லைகளைப் பார்த்திருப்பீர்கள். 1616, 1717 என்று போட்டவையும் உண்டு. கம்பெனி இப்படியொரு நாணயத்தை எந்தக் காலத்திலும் வெளியிட்டதில்லை. அவை பிற்காலத்தில் அடித்த கற்பனை வில்லைகள். வீட்டுப் பூஜையறையில் வைக்க ஆசைப்படுகிறவர் வாங்கட்டும், அதில் தவறில்லை. ‘இருநூறு ஆண்டுப் பழமை, அரிய நாணயம்’ என்று சீட்டு ஒட்டி விற்பது ஏமாற்று. ஏற்பாட்டாளர்கள் ஒரே ஒரு விதி வைத்தால் போதும்: போலியையும் நினைவு வில்லையையும் அப்படியே பெயர் சொல்லி விற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை மேசை கிடையாது. கண்காட்சிகள் குறைவாக இருந்த காலத்தில் இந்த விதியைச் சொல்லும் தைரியம் ஏற்பாட்டாளர்களுக்கு இருந்தது. இன்று ஒருவர் மறுத்தால், அடுத்த வாரம் அடுத்த ஊரில் மேசை கிடைத்துவிடுகிறது. எண்ணிக்கை கூடியதன் உண்மையான கேடு இதுதான் என்பேன்.

இன்னொரு காட்சி என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஒரு கண்காட்சியில், எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டினார். வைஷ்ணவ தேவி உருவம் போட்டது, 2012இல் வெளிவந்தது. இதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்று பேரனின் போனில் பார்த்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். லட்சக்கணக்கில் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது. மேசையிலிருந்தவர் நல்லவர். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “பாட்டி, இது அஞ்சு ரூபாய்தான். பத்திரமா வெச்சுக்குங்க” என்று பொறுமையாகச் சொன்னார். பாட்டி ஒன்றும் பேசாமல் மறுபடி முடிந்துகொண்டார். பழைய காசு, நோட்டுகளை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. அப்படியிருந்தும், கண்காட்சி விளம்பரங்களிலேயே ‘உங்கள் பழைய காசுக்கு நல்ல விலை’ என்று கொட்டை எழுத்தில் போடும்போது, அந்தப் பாட்டியின் நம்பிக்கைக்கு நாமும் நீர் ஊற்றுகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கண்காட்சியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் காசைப் படிக்க வராது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசை நூறு படங்களில் பார்க்கலாம். முன்புறம் நிற்கும் உருவம், பின்புறம் அமர்ந்த உருவம், அதன் இடக்கைக்கு அருகே நாகரி எழுத்தில் பெயர். ஆனால் ஒரே தட்டில் அப்படி முப்பது காசு கிடக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால்தான், எது தேய்ந்தது, எது அச்சு விலகியது, எது வார்ப்பில் செய்த போலி என்று விரலுக்கே தெரியத் தொடங்கும். வெள்ளி ரூபாயும் அப்படித்தான். 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரிது, அதனால் அதற்குப் போலியும் உண்டு. அசல் எடை 11.66 கிராம். அதுவரை நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி. 1940இல் போர்க்காலத்தில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், விற்பவரிடம் கேட்டு, நிறுத்துப் பாருங்கள். நேர்மையான வியாபாரி முகம் சுளிக்கமாட்டார்.

சிறு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு கண்காட்சி என்பதே குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் இருக்கிறவன் நினைத்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ரோமானியக் காசைப் பார்த்துவிடலாம். உள்மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ‘அதிகம்’ என்பது கோவைக்கும் சென்னைக்கும் பொருந்தும்; தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தாது. ஒரே நகரத்தில் ஆண்டுக்கு நான்கு நடத்துவதற்குப் பதில், அதில் இரண்டை அந்தச் சிறு ஊர்களுக்குக் கொண்டுபோனால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

இனி மாற்றுக் கூட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுவோம். பதினைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். பெஞ்சில் செய்தித்தாள் விரித்து அவரவர் உபரியைப் பரப்புவோம். பணம் பேச்சிலேயே வராது. ஐதராபாத் நாணய ஆலையின் அடையாளமான நட்சத்திரம் போட்ட ஒரு ரூபாய் என்னிடம் இரண்டு, நொய்டா ஆலையின் புள்ளி போட்டது உங்களிடம் இரண்டு, மாற்றிக்கொள்வோம். கல்கத்தா ஆலைக்குக் குறியே கிடையாது, மும்பைக்கு வைரக்குறி, 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் பிர்மிங்காமில் அடித்ததற்கு ‘எச்’ குறி. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்தப் பெஞ்சில் கற்றேன்.

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவருவார். அதற்குள் தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா நிறைய இருக்கும். சிறுவர்கள் வந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பார். சும்மா கொடுக்கமாட்டார். “இதுல ஆண்டு என்ன, குறி என்ன, அடுத்த மாசம் வந்து சொல்லணும்” என்பார். அடுத்த மாதம் அந்தப் பையன் வந்து சொல்வான். என்னிடமிருக்கும் யாழ்ப்பாணத்து ‘சேது’ காசும் இப்படி வந்ததுதான். காளைக்குக் கீழே தமிழில் ‘சேது’ என்று தெளிவாகப் படிக்க முடிகிற காசு. ராமநாதபுரத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், என்னிடம் உபரியாக இருந்த இரண்டு ராஜராஜன் காசுகளுக்கு ஈடாக அதைத் தந்தார். எங்கே கிடைத்தது, யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளையும் காசோடுதான் வைத்திருக்கிறேன். கண்காட்சி மேசைகளில் நான் வாங்கிய எந்தக் காசோடும் அப்படி ஒரு தாள் வந்ததில்லை.

அந்தத் துண்டுத்தாள் சாதாரணமானதல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகளால்தான் சங்ககாலச் சேரர்களின் நாணய வரலாறே எழுந்தது. ‘மாக்கோதை’ என்ற பெயரும் ஒரு தலையுருவமும் கொண்ட வெள்ளிக்காசு அந்த மணல் தந்தது. 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தியின் கைக்கு வந்த ஒரு செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்-பிராமி எழுத்து இருப்பதை அவர் கண்டறிந்ததால்தான், சங்கப் பாண்டியன் ஒருவன் தன் பெயரோடு காசு வெளியிட்டது உலகுக்குத் தெரிந்தது. பூதக்கண்ணாடியும் பொறுமையும் கொண்டு காசின் முன் உட்கார்ந்தவருக்குக் கிடைத்த பரிசு அது. மூன்று நாளில் இருநூறு தட்டுகளைப் புரட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வேறு ஊருக்கு ஓடுகிறவருக்கு அந்தப் பொழுது எப்படி வாய்க்கும்? என் வீட்டிலேயே, கண்காட்சியில் வாங்கி ஹோல்டரில் போட்டு இன்னும் சரியாகப் படிக்காத காசுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒரு ஆண்டு எங்கும் போவதில்லை என்று முடிவு செய்து அவற்றைப் படித்து முடித்தேன். மதுரை நாயக்கர் காசு என்று நினைத்து வாங்கிய ஒன்று வேறு ஒரு பாளையத்துக் காசு என்று அப்போதுதான் தெரிந்தது.

இடையில் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதையலாகக் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கண்காட்சிக்குக் கண்காட்சி புதுச் சரக்கு கேட்டால், அந்த அழுத்தம் கடைசியில் ஆற்று மணலிலும் வயல் வரப்பிலும்தான் போய் இறங்கும். மண் ஒட்டிய காசை ஒருவர் இரகசியமாக நீட்டினால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆண்டுக்கு இரண்டு கண்காட்சி தேர்ந்தெடுங்கள். உங்கள் பக்கத்தில் கோவையில் ஒன்று, பெரிய அளவில் சென்னையிலோ பெங்களூரிலோ ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மாதம் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் உங்களிடம் எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டில் இல்லாததை வாங்குவதில்லை என்று உறுதியாக இருங்கள். முதல் நாள் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் மதியத்துக்கு மேல் வாங்குங்கள். மூட்டை கட்டும் நேரத்தில் விலை தானாக இறங்கும். எதையோ தவறவிட்டதாக மனம் அடித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் விட்ட அந்தத் தரங்கம்பாடிக் காசு ஒரே ஆண்டில் மூன்று முறை என் கண்ணில் பட்டது. பெரும்பாலான காசுகள் அப்படித்தான், திரும்பத் திரும்ப வரும்.

மிச்சமாகும் பஸ் செலவில் ஈரோட்டிலேயே ஒரு மாற்றுக் கூட்டம் தொடங்குங்கள். ஐந்து பேர் போதும். ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறை தருவார். விற்பனை கிடையாது, மாற்று மட்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாற்றும் ஒவ்வொரு காசோடும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். செப்புக்காசைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தவுடன் எனக்குத் தெரிவியுங்கள். திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கு ரயிலில் காலையில் கிளம்பினால் போதும். என்னிடம் ராஜராஜன் காசு ஏழும், 1835ஆம் ஆண்டுக் கால் அணா நான்கும் உபரியாக இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.